பனி தின்ற பிறகு

பனி தின்னாத வாத்தை அறுப்பதில்லை,
கார்ஸ் மேட்டுநிலத்து வழக்கு அது.
முதல் பனி விழுந்து ஒன்பது நாளாகிறது.
குல்பெயாஸ் வீட்டு முற்றத்தில்
ஏழு பெண்கள், மூன்று அண்டா, வெந்நீர் ஆவி.
சிறகு ஒரு சாக்கில், பொடித்தூவி ஒரு சாக்கில்.
நான் மட்டும் பார்மலின் குப்பிகளோடு நிற்கிறேன்,
கல்யாண வீட்டில் கடன் கேட்க வந்தவள்போல.

"உனக்கு எது வேண்டும், பெரிஹான்? ஈரலா?"
"இல்லை அக்கா, சூலகம்."
"அதைப் பூனைக்கல்லவா போடுவோம்."
"இன்றைக்கு எனக்குப் போடுங்கள்."
சிரிப்பு ஆவியோடு கலந்து மேலே போனது.

பறவைக்குச் சூலகம் ஒன்றுதான், இடப்பக்கம்.
வலப்பக்கத்தது கருவிலேயே வளராமல் நின்றுவிடும்.
பறக்கப் பிறந்த உடம்பு, அத்தனை சிக்கனம்.
முதுகெலும்பை ஒட்டி, சிறுநீரகத்தின் முகப்பில்,
ஜவ்வரிசியைக் கொட்டி ஒட்டவைத்தாற்போல்
ஒரு கொத்து.
ஏப்ரலில் அறுத்திருந்தால்
மஞ்சள் கருக்கள் வரிசைகட்டி நின்றிருக்கும்,
பெரியது, அடுத்தது, அதற்கும் அடுத்தது,
பந்தியில் இலைக்குக் காத்திருப்பவர்கள்போல.
இப்போது பந்தி முடிந்து
பாயைச் சுருட்டிவிட்டார்கள்.

திகோர் சாலையை இரவே மூடினார்கள்.
ஆய்வகத்தில் மூன்றாம் நாள்
மெழுகில் பதித்து, ஐந்து மைக்ரானுக்குச் சீவி,
சாயம் ஏற்றி, அறை விளக்கை அணைத்தேன்.
இருப்பவை நீலம்.
போய்க்கொண்டிருப்பவை பச்சை.

அடிபட்டுச் சாகும் செல்லை எனக்குத் தெரியும்.
வீங்கும், வெடிக்கும், சிந்தும்,
அக்கம்பக்கத்தையும் புண்ணாக்கிவிட்டுத்தான் ஓயும்.
இது அப்படியில்லை.
கருவைச் சுற்றிக் காவல் நின்றவற்றில் ஒன்று
முதலில் கோத்திருந்த கையை விடுகிறது.
சுருங்குகிறது.
தன் உள்நூலைத் தானே நறுக்குகிறது,
முழக்கோல் வைத்து அளந்ததுபோல் துண்டு துண்டாக.
பிறகு தன்னையே சின்னப் பொட்டலங்களாகக் கட்டி
பக்கத்து வாசலில் வைத்துவிடுகிறது.
பக்கத்து வீடு எடுத்துத் தின்கிறது.
ஒப்பாரி இல்லை. சீழ்கூட இல்லை.

காவல் கலைந்தபின்
நடுவில் இருப்பதற்கு ஊட்ட ஆளில்லை.
சேர்த்த சொற்பத்தை உடம்புக்கே திருப்பித் தந்துவிட்டு
அதுவும் கரைகிறது.
கூமுட்டை என்று சொல்ல முடியாது,
அதற்கும் முதலில் முட்டையாக வேண்டும்.
வெம்பிய பிஞ்சு? அதுவும் அதிகம்.
பிஞ்சுக்குப் பூவாக இருந்த காலம் ஒன்று உண்டு.

எண்ணத் தொடங்கினேன்.
நூற்றுப் பதினேழு வரை எண்ணியது நினைவிருக்கிறது.
பிறகு மின்சாரம் போனது,
பச்சையும் நீலமும் சேர்ந்தே போயின.

சாலை திறந்ததும் குல்பெயாஸைப் பார்க்கப் போனேன்.
இனவிருத்திக்கு விட்டுவைத்த சாம்பல் சிறகுக்காரி
வேலியோரம் பனியைக் கொத்திக்கொண்டிருந்தாள்.
"வருஷத்துக்கு எத்தனை இடுவாள்?"
"பதினொன்று. நல்ல வருஷத்தில் பதினான்கு."
"உள்ளே ஆயிரக்கணக்கில் இருக்கிறது அக்கா.
மற்றதெல்லாம் அங்கேயே செத்துப்போகிறது."

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.
வாத்தைப் பார்த்தாள், அதன் வயிற்றை,
வயிற்றின் அகலத்தை.
"அத்தனையும் இட்டால்
அடைகாக்க உடம்புக்கு எங்கே போவாள்?"

அந்தக் கேள்வியை என் அறிக்கையில்
எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவதென்று
இன்னும் தெரியவில்லை.

கிளம்பும்போது கூப்பிட்டாள்.
"அந்தக் கண்ணாடிக் குப்பிகள் மிச்சம் இருக்கிறதா?
ஊறுகாய் போட ஆகும்."
"ஆகாது அக்கா, விஷம்."
"அப்படியென்றால் நீயே வைத்துக்கொள்" என்றாள்.

சாம்பல் சிறகுக்காரி தலையை நிமிர்த்தி
என்னை ஒருமுறை பார்த்துவிட்டு
மறுபடி பனியில் அலகை விட்டாள்.
அவளுக்குள்ளே, இடப்பக்கம்,
இந்த நிமிஷம்
ஏதோ ஒன்று பச்சையாகிக்கொண்டிருக்கும்.